கிளாரினெட்டில் ஆபரா ஆரியாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபரா என்பது பெரும்பாலும் பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய இசை நாடகம். அதன் ஆரியாக்களைத் தனிக் கிளாரினெட்டுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக மாற்றி எழுதுவதும், எழுதியதை மேடையில் ஊதுவதும் என் வேலையில் பாதி. அதுபற்றிய சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது மீதிப் பாதி. மாணவர்கள், வயலின் வரிசையில் இருப்பவர்கள், கச்சேரி முடிந்து கை குலுக்க வருகிறவர்கள் என்று கேட்கும் ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், தலையைச் சொறிய வைப்பவை பின்னால்.

ஆரியா என்றால் என்ன? ஆபராவில் வரும் பாட்டெல்லாம் ஆரியாதானா?

இல்லை. ஒரு பாத்திரம் கதையைச் சற்று நிறுத்திவைத்து, தன் மனத்தில் இருப்பதைத் தனியாக, முழுப் பாட்டாகப் பாடும் இடம்தான் ஆரியா. இருவர் பாடினால் டூயட், கூட்டம் பாடினால் கோரஸ். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே சொல்லிக்கொண்டே போவது ரெசிட்டேட்டிவ். (சிலர் ஏரியா என்று எழுதுகிறார்கள். அது பேட்டை, வட்டாரம் என்று பொருள் தந்துவிடுகிறது என்பதால் நான் ஆரியா என்றே எழுதுகிறேன்.)

ஆரியாவுக்குத் தனக்கென்று தொடக்கமும் முடிவும் உண்டு. கதையிலிருந்து பிய்த்து எடுத்தாலும் சொந்தக் காலில் நிற்கும். வாத்தியக்காரர்கள் அதைக் கண்வைப்பதற்கு அதுவே காரணம்.

பாடுவதற்கென்று எழுதியதை எதற்காக ஊத வேண்டும்? பாடகர் கிடைக்காத குறைக்கா?

ஒரு காலத்தில் அதுவும் ஒரு காரணம்தான். ஒலிப்பதிவு வருவதற்கு முன், ஆபரா அரங்கம் இல்லாத ஊர்களுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் மெட்டுகள் பியானோ வழியாகவும் பேண்டு வாத்தியம் வழியாகவும்தான் போய்ச் சேர்ந்தன. மிலானின் லா ஸ்காலா அரங்கில் கிளாரினெட் வாசித்த லூயிஜி பாஸி, வெர்டியின் 'ரிகொலெட்டோ' ஆபரா மெட்டுகளை வைத்து ஒரு கச்சேரி ஃபேன்டசியா (பல மெட்டுகளைக் கோத்த உருப்படி) எழுதினார். டோனாட்டோ லோவ்ரெலியோ 'லா ட்ராவியாட்டா'வை வைத்து ஒன்று எழுதினார். அவர் புல்லாங்குழல்காரர் என்பது வேடிக்கை. இரண்டையும் கிளாரினெட்காரர்கள் இன்றும் விடுவதில்லை.

இன்றைய காரணம் வேறு. வயலினுக்கும் பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுடன் வாசிக்கக் குவிந்து கிடக்கும் உருப்படிகளோடு ஒப்பிட்டால் எங்கள் அலமாரி மெலிந்தது. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் இத்தனை பழம் தொங்கும்போது பறிக்காமல் இருக்க முடியவில்லை.

ஏன் கிளாரினெட்? வயலினோ புல்லாங்குழலோ போதாதா?

போதும், அவர்களும் செய்கிறார்கள். ஆனால் ஆபரா எழுதியவர்களே மனிதக் குரலுக்குப் பதிலாகக் கிளாரினெட்டைப் பலமுறை நிறுத்தியிருக்கிறார்கள். 'லா ட்ராவியாட்டா'வில் நாயகி வயலெட்டா பிரிவுக் கடிதத்தை எழுதும்போது பாடுவதில்லை. அவளுக்காகக் கிளாரினெட் பேசுகிறது. 1862-இல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய 'லா ஃபோர்சா டெல் டெஸ்டினோ'வின் மூன்றாம் அங்கத்தில், டெனர் (உயர்ந்த ஆண்குரல் பாடகர்) வாய் திறப்பதற்கு முன் நீண்ட கிளாரினெட் தனி வருகிறது. அங்கே வாசித்துக்கொண்டிருந்த எர்னெஸ்டோ காவல்லினியை மனத்தில் வைத்து வெர்டி எழுதியது அது.

எனக்கு மிகப் பிடித்த சாட்சி, 1900-இல் ரோமில் அரங்கேறிய புச்சினியின் 'டோஸ்கா'. மரண தண்டனைக்குக் காத்திருக்கும் கவரதோஸியின் ஆரியா 'எ லூச்செவான் லெ ஸ்டெல்லெ'. அதன் மெட்டை முதலில் எடுப்பது கிளாரினெட்தான். டெனரோ அதன் மேல், ஒரே ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி முணுமுணுக்கிறார். நினைவு கிளாரினெட்டில் ஓடுகிறது, மனிதன் பேசிக்கொண்டிருக்கிறான். சில வரிகள் கழித்துத்தான் அவர் அந்த மெட்டுக்குள்ளேயே இறங்குகிறார்.

மாற்றி எழுதிய ஆரியா, ஃபேன்டசியா, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பாஸியும் லோவ்ரெலியோவும் செய்தது ஃபேன்டசியா: ஓர் ஆபராவிலிருந்து நாலைந்து மெட்டுகளை எடுத்து, நடுவே விரல் வித்தை சேர்த்து, கைதட்டலுக்கு ஏற்றபடி கோப்பது. ஆரியாவை மாற்றி எழுதுவதில் ஒரே பாட்டு, அதன் நீளம், அதன் வடிவம் எல்லாம் அப்படியே இருக்கும். குரலின் இடத்தில் மட்டும் கிளாரினெட் வரும். ஃபேன்டசியாவில் தப்பு நடந்தால் வேகத்தில் மறைந்துவிடும். ஆரியாவில் ஒளிய இடம் கிடையாது.

பாடகரின் தாளை முன்னால் வைத்து அப்படியே ஊதினால் ஆகாதா?

தனியறையில் ஆகும். ஆர்கெஸ்ட்ராவோடு ஆகாது. மேற்கத்திய இசையில் ஸ்வரங்களுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்துப் பெயர்; ஃபிளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே, ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே. நாங்கள் வழக்கமாக ஊதுவது பி ஃபிளாட், ஏ என்ற இரண்டு கிளாரினெட்டுகள். தாளில் உள்ள சி-யைப் பி ஃபிளாட் கிளாரினெட்டில் ஊதினால் பி ஃபிளாட் கேட்கும், ஏ கிளாரினெட்டில் ஊதினால் ஏ கேட்கும். எனவே முதலாவதற்கு ஒரு முழு ஸ்வரமும் இரண்டாவதற்கு ஒன்றரை ஸ்வரமும் மேலே தூக்கி எழுத வேண்டும்.

டெனர் தாளில் இன்னொரு கண்ணியும் உண்டு. அதில் எழுதியிருப்பதற்கு ஒரு ஸ்தாயி கீழேதான் டெனர் பாடுகிறார். அதைக் கவனிக்காமல் எழுத்துப்படி மாற்றினால், நீங்கள் அறியாமலேயே அவரை விட ஒரு ஸ்தாயி மேலே போய்விடுவீர்கள். சில நேரம் அதுதான் வேண்டியது. ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

பி ஃபிளாட் கிளாரினெட்டா, ஏ கிளாரினெட்டா? எதை எடுப்பது?

விரலுக்கு எது இதமோ அதை. பெல்லினியின் 'நார்மா'வில் வரும் 'காஸ்டா டீவா' வழக்கமாக எஃப் மேஜரில் (எஃப்-ஐ ஆதாரமாகக் கொண்ட ஸ்வர வரிசையில்) பாடப்படுகிறது. பி ஃபிளாட் கிளாரினெட்டில் அது ஜி மேஜர், ஒரே ஒரு ஷார்ப். ஏ கிளாரினெட்டில் ஏ ஃபிளாட் மேஜர், நான்கு ஃபிளாட். யோசிக்கவே வேண்டாம். 'எ லூச்செவான்' பி மைனர். அங்கே கதை தலைகீழ்: பி ஃபிளாட்டில் நான்கு ஷார்ப், ஏ-யில் ஒரே ஒரு ஃபிளாட்.

ஒரே கச்சேரியில் இரண்டையும் ஊதுவதானால், சும்மா இருக்கும் கருவி ஆறிப்போகும். ஆறினால் சுருதி இறங்கும். ஆரியா தொடங்குவதற்குச் சில பார்கள் (தாளச் சுற்றுகள்) முன்பே அதற்குள் சத்தமில்லாமல் மூச்சை விட்டுச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

பாடகர்கள் வசதிக்காகச் சுருதியை இறக்கிக்கொள்கிறார்களே, நானும் மாற்றலாமா?

உரிமை உண்டு. 'காஸ்டா டீவா'வையே பெல்லினி ஜி மேஜரில்தான் எழுதினார். எஃப் பிறகு வந்த ஏற்பாடு. ஆனால் சுருதி மாறினால் ஆர்கெஸ்ட்ராவில் ஒவ்வொருவருடைய தாளும் மாற வேண்டும், வயலின்களின் திறந்த தந்திகள் தரும் மினுக்கமும் போய்விடும். மேலே சொன்னபடி கிளாரினெட்டை மாற்றிப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை அதுவே போதும்.

டெனர் பாட்டை அவர் பாடும் ஸ்தாயியிலேயே ஊதலாமா, மேலே ஏற்ற வேண்டுமா?

இந்த வேலையின் முழுச் சிக்கலும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. புச்சினியின் 'டூரான்டாட்' ஆபராவில் வரும் 'நெஸ்ஸூன் டோர்மா'வை எடுத்துக்கொள்வோம். கடைசியில் 'வின்செரோ' என்று டெனர் பி ஸ்வரத்துக்கு ஏறும்போது அரங்கமே மூச்சைப் பிடிக்கிறது. அந்த ஸ்வரம் அவருடைய குரலின் விளிம்பு. ஏறுவாரா, சறுக்குவாரா என்ற பயம் கேட்பவருக்கும் தொற்றிக்கொள்கிறது. அதே பி-யை அதே உயரத்தில் ஏ கிளாரினெட்டில் ஊதினால், தாளில் அது நாலாவது கோட்டில் உட்கார்ந்திருக்கும் டி. பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் ஊதுகிற ஸ்வரம். வியர்வையே கிடையாது. பாடகர் மலையேறும் இடத்தில் நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, முழுவதையும் ஒரு ஸ்தாயி ஏற்றிவிடலாம் என்றால், தொடக்கத்தின் இருட்டு போய்விடுகிறது. இரவு, யாரும் தூங்கக் கூடாது என்ற கட்டளை, ஒருவன் தனக்குள் பேசிக்கொள்கிறான். அதற்குக் கிளாரினெட்டின் அடிப்பகுதியான ஷாலுமோதான் சரியான நிறம். நான் செய்வது இது: டெனரின் ஸ்தாயியிலேயே தொடங்குகிறேன். நடுவில் மேடைக்கு வெளியிலிருந்து பெண்கள் கோரஸ் வரும் இடத்தில் கிளாரினெட்டுக்கு ஓய்வு. அது திரும்பி வரும்போது ஒரு ஸ்தாயி மேலே வருகிறது. இடையில் வேறு ஒலி இருந்ததால் தையல் தெரிவதில்லை. கடைசி பி இப்போது தாளில் மேல் டி. அல்டிசிமோ என்ற உச்சிப்பகுதிக்குள் அடியெடுத்து வைக்கும் ஸ்வரம். உதடு கொஞ்சம் நடுங்கும். நடுங்கட்டும்.

சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) ஆரியாக்களில் இவ்வளவு தொல்லை இல்லை. 'காஸ்டா டீவா'வின் உச்சியில் ஏ ஸ்வரம் திரும்பத் திரும்ப முட்டி, பி ஃபிளாட்டில் போய் உடையும். பி ஃபிளாட் கிளாரினெட் தாளில் அது பி, பிறகு சி: கிளாரியன் என்ற மேல்பகுதியின் கடைசி இரண்டு படிகள். பாடகியின் சிகரமும் எங்கள் சிகரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

நடுவில் சில ஸ்வரங்கள் மட்டும் மங்கிக் கேட்கின்றன. என் ரீடு போய்விட்டதா?

ரீடை, அதாவது ஊதும் முனையில் அதிரும் நாணல் பட்டையை, தூக்கி எறிய வேண்டாம். தாளில் ஜி-யிலிருந்து பி ஃபிளாட் வரையுள்ள நான்கு ஸ்வரங்களைத் தொண்டை ஸ்வரங்கள் என்பார்கள். குழாயின் பெரும்பகுதி திறந்தே கிடக்கும்போது பிறப்பதால் அவற்றுக்கு உடம்பு குறைவு. துரதிருஷ்டவசமாகப் பாடகியின் நடுக்குரல் வந்து விழுவதும் அங்கேதான். அந்த ஸ்வரங்களில் வலக்கையின் சில துளைகளை மூடிவைத்தால் நிறம் கூடும். எந்தத் துளை என்பது கருவிக்குக் கருவி மாறும், தேடிக் கண்டுபிடியுங்கள். மாற்றி எழுதுகிறவருக்கு ஒரு வேண்டுகோள்: முக்கியமான நீண்ட ஸ்வரத்தை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

வார்த்தையே இல்லாமல் பாட்டின் பொருளை எப்படிக் கொண்டுவருவது?

வார்த்தைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். வேறு வழி எனக்குத் தெரியாது. என் தாளில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே இத்தாலியச் சொல் பென்சிலில் எழுதியிருக்கும், அதற்கும் கீழே தமிழில் பொருள். மூச்சு எங்கே எடுப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கிளாரினெட்டில் ஒரே மூச்சில் பாடகரை விட நீளமாக ஊத முடியும் என்பதற்காக இரண்டு வாக்கியங்களை ஒட்டவைத்து ஊதுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். முற்றுப்புள்ளியில்லாத கடிதத்தைப் படிப்பது போல இருக்கும். பாடகர் மூச்செடுக்கும் இடத்தில், தேவையில்லாவிட்டாலும், எடுங்கள்.

அடுத்தது நாக்கு. மெய்யெழுத்து இருக்கும் இடத்தில் துத்துகாரம், உயிரெழுத்து நீளும் இடத்தில் இழைப்பு. 'வின்செரோ'வின் கடைசி அசையில் ர இருக்கிறது. ரீடை நாக்கு மெல்லத் தொட்டு விலகினால் போதும். 'நெஸ்ஸூன்' என்பதில் இரட்டை ஸ. அங்கே ஒலியை ஒரு கணம் அடக்கிவிட்டு விட வேண்டும். இதை வாயால் நாலு முறை சொல்லிப் பார்த்துவிட்டு ஊதுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

இன்னொன்று, சரணம். ஒரே மெட்டு இரண்டு முறை வரும்போது பாடகருக்குப் புதுச் சொற்கள் கிடைக்கின்றன, எங்களுக்குப் பழைய மெட்டு மட்டும்தான். ஹாண்டெலின் 1711-ஆம் ஆண்டு 'ரினால்டோ'வில் வரும் 'லாஷா கியோ பியாங்கா' போல முதல் பகுதி முழுதாகத் திரும்பும் பாட்டானால் இரண்டாம் முறை சங்கதி போட்டே ஆக வேண்டும். அந்தக் காலத்துப் பாடகர்களும் போட்டார்கள். அளவாகப் போடுங்கள்; சோகப் பாட்டு அது.

பாடகர்கள் குரலை அசைக்கிறார்களே, நானும் வைப்ரட்டோ போடலாமா?

இதில் அடிதடியே நடக்கும். ஆபராப் பாடகரின் குரல் விநாடிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 முறை அசைகிறது. செவ்வியல் கிளாரினெட் மரபு அசையாத ஒலியையே விரும்புகிறது. ஆங்கிலேயக் கலைஞர் ரெஜினால்ட் கெல் மரபை மீறி வைப்ரட்டோவுடன் ஊதினார். அவரைக் கொண்டாடியவர்களும் உண்டு, திட்டியவர்களும் உண்டு.

நான் நீண்ட ஸ்வரத்தின் வாலில் மட்டும், மிகக் கொஞ்சம் சேர்ப்பேன். கிளாரினெட்டின் நிஜமான பலம் வேறிடத்தில் இருக்கிறது: ஒன்றுமில்லாததிலிருந்து ஓர் ஒலியைப் பிறப்பித்து, வளர்த்து, மறுபடியும் ஒன்றுமில்லாததில் கரைப்பது. பாடகர்கள் பல வருடம் பழகிப் பெறுவது எங்களுக்குப் பாதி இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மெல்ல ஊதினால் கிளாரினெட்டின் சுருதி ஏறும், பலமாக ஊதினால் இறங்கும். புல்லாங்குழலுக்கு இது நேர் எதிர். கரையும் ஸ்வரத்தில் கூடவே புல்லாங்குழல் இருந்தால் இருவரும் ஆளுக்கொரு திசையில் போவீர்கள்.

ஆர்கெஸ்ட்ராவில் ஏற்கெனவே இரண்டு கிளாரினெட் இருக்கிறதே, அவர்கள் என்ன செய்வார்கள்?

என் மானம் போன கதையைச் சொல்கிறேன். ஓர் ஒத்திகையில் 'எ லூச்செவான்' தொடங்கினேன். அதே நொடியில் எனக்குப் பின்னாலிருந்து அதே மெட்டு, அதே சுருதியில், அழகாக வந்தது. முதல் கிளாரினெட்காரர் தன் தாளில் இருந்ததை ஒழுங்காக வாசித்துக்கொண்டிருந்தார். மாற்றி எழுதியவர் அந்த வரியை அழிக்க மறந்திருந்தார். மாற்றி எழுதியவர் நான்.

அன்றிலிருந்து முதல் வேலையாகக் கிளாரினெட் தாள்களைத்தான் எடுக்கிறேன். பாடகரோடு சேர்ந்து ஒலிக்கும் வரிகளை அழித்துவிடுவேன். நடுக்குரல் வரிகளைப் பஸூனுக்கோ வியோலாவுக்கோ கொடுப்பேன். முன்மாதிரி வேண்டுமானால் மோட்சார்ட் 1791-இல் எழுதிய கிளாரினெட் கான்செர்ட்டோவை (தனிக் கருவிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான உருப்படியை) பாருங்கள்: இரண்டு புல்லாங்குழல், இரண்டு பஸூன், இரண்டு ஹார்ன், தந்தி வாத்தியங்கள். ஓபோ இல்லை, வேறு கிளாரினெட்டும் இல்லை. தனி ஊதுகிறவரின் நிறத்தோடு மோதும் எதையும் அவர் உள்ளேயே விடவில்லை.

முழு ஆர்கெஸ்ட்ராவும் பாடகரை மூழ்கடிப்பதில்லையே, என்னை மட்டும் ஏன் மூழ்கடிக்கிறது?

பயிற்சி பெற்ற ஆபராக் குரலில், குறிப்பாக ஆண்குரலில், 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு தனிப் பலம் இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவின் ஒலி அந்த இடத்தில் மெலிந்திருப்பதால் குரல் அதன் வழியே வெளியே வந்துவிடும். கிளாரினெட்டுக்கு அந்தச் சாளரம் இல்லை. அதோடு புச்சினி, பாடகரின் மெட்டையே வயலின்களுக்கும் கொடுத்து உச்சக் கட்டத்தை நிரப்புவார். குரலுக்கு அது பட்டுத் துணி, கிளாரினெட்டுக்குப் போர்வை. உச்சம் வரும்வரை அந்த வயலின் வரியை வெட்டிவிடுங்கள் அல்லது ஒரு ஸ்தாயி கீழே செல்லோவுக்கு இறக்குங்கள்.

ஆபராவிலேயே கிளாரினெட் தனி வரும் ஆரியாக்களை என்ன செய்வது? இரண்டையும் நானே ஊதலாமா?

நல்ல கேள்வி, சுலபமான பதில் இல்லை. 'டோஸ்கா', 'ஃபோர்சா' இரண்டிலும் கிளாரினெட் முன்னால் வருகிறது, மனிதக் குரல் பின்னால் வருகிறது. இரண்டும் ஒரே கருவியானால் 'இப்போது ஆள் வந்துவிட்டான்' என்ற திருப்பம் காணாமல் போகிறது. 'எ லூச்செவான்' முதல் பகுதியை நானே ஊதி, டெனரின் முணுமுணுப்பைச் செல்லோவுக்குக் கொடுத்திருக்கிறேன். திருப்பம் வரும் இடத்தில் ஸ்தாயியை மாற்றுகிறேன். ஓரளவு நிற்கிறது.

மோட்சார்ட்டின் 'லா கிளெமென்சா டி டீட்டோ'வில் வரும் 'பார்ட்டோ, பார்ட்டோ' வேறு ரகம். கிளாரினெட் கலைஞர் அன்டோன் ஷ்டாட்லருக்காக எழுதிய கிளாரினெட் வரி, பாடும் குரலோடு கடைசிவரை உரையாடுகிறது. ஒருவரே இருவருக்கும் பேசினால் அது உரையாடல் ஆகாது. அதை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. நல்ல பாடகி கிடைத்தால் பக்கத்தில் நின்று உங்கள் வரியை மட்டும் ஊதுங்கள்; அதைவிட என்ன வேண்டும்?

ரெசிட்டேட்டிவையும் சேர்த்து ஊதலாமா?

சின்னதாக இருந்தால். வெபர் தன் இரண்டாவது கிளாரினெட் கான்செர்ட்டோவின் நடுப்பகுதியில் சொல்லே இல்லாத ரெசிட்டேட்டிவ் எழுதியிருக்கிறார்; முடியும் என்பதற்கு அது போதும். இரண்டு பக்கம் நீளும் பேச்சை மட்டும் தொடாதீர்கள்.

எந்த ஆரியா கிளாரினெட்டுக்கு ஒத்தே வராது?

சொல்லால் சிரிக்க வைப்பவை. 'டான் ஜொவான்னி'யில் வேலைக்காரன் லெப்போரெல்லோ தன் எஜமான் மயக்கிய பெண்களைக் கணக்கு வாசிக்கிறான்: இத்தாலியில் 640, ஜெர்மனியில் 231, பிரான்சில் 100, துருக்கியில் 91, ஸ்பெயினில் 1003. அரங்கம் சிரிப்பது அந்த எண்களுக்கு. கிளாரினெட்டில் 1003-ஐ எப்படி ஊதுவது?

தொடங்குகிறவர்களுக்குப் புச்சினியின் 'ஓ மியோ பாபினோ காரோ' நல்லது. ஏ ஃபிளாட் மேஜர், பி ஃபிளாட் கிளாரினெட்டில் பி ஃபிளாட் மேஜர்; இரண்டரை நிமிடம். எளிது என்று நினைத்து எடுப்பீர்கள், இழைத்து ஊத வேண்டிய தாவல்களில் மாட்டிக்கொள்வீர்கள். நல்ல பாடம்.

யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

நாட்டுக்கு நாடு விதி மாறும். இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள் என்பது பல நாடுகளில் உள்ள கணக்கு. 1901-இல் இறந்த வெர்டியும் 1924-இல் இறந்த புச்சினியும் அதைத் தாண்டிவிட்டார்கள். 1949-இல் இறந்த ரிச்சர்ட் ஸ்டிராஸ் 2020 தொடக்கத்தில் தாண்டினார். அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்று எண்ணுகிறார்கள். 1935-இல் வந்த கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' அங்கே 2030 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கும்.

'டூரான்டாட்' விஷயத்தில் ஒரு நுணுக்கம்: புச்சினி முடிக்காமல் இறந்ததால் கடைசிக் காட்சியை ஃபிராங்கோ அல்ஃபானோ எழுதி முடித்தார், அவர் இறந்தது 1954-இல். 'நெஸ்ஸூன் டோர்மா' புச்சினியே எழுதிய பகுதி. புதிதாகப் பதிப்பித்த ஸ்கோருக்கும் (எல்லாக் கருவிகளின் வரிகளும் சேர்ந்த முழு இசைத்தாள்) வேறொருவர் மாற்றி எழுதிய வடிவத்துக்கும் தனி உரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். பழைய அச்சிலிருந்து நீங்களே எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

'வின்செரோ'வைப் பாடகர்கள் அவ்வளவு நேரம் இழுக்கிறார்களே, நான் எவ்வளவு இழுக்கலாம்?

புச்சினியின் ஸ்கோரில் அந்தப் பி வெறும் பதினாறாம் பங்கு ஸ்வரம். நீளமானது அடுத்து வரும் ஏ. இழுப்பது பாடகர்கள் ஏற்படுத்திய வழக்கம். மேலே சொன்னபடி அவர்களுக்கு அந்த ஸ்வரத்தில் ஆபத்து இருக்கிறது, அதனால் இழுப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. எங்களுக்கு மூச்சு நிறைய இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. நான் ஸ்கோரை விடக் கொஞ்சம் கூடுதலாக நிற்பேன், பாடகரை விட மிகக் குறைவாக. எவ்வளவு என்று ஒத்திகையிலேயே நடத்துநரிடம் சொல்லிவிடுங்கள். மேடையில் திடீரென்று நீட்டினால் அறுபது பேர் வில்லைத் தூக்கிக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கதை தெரியாத, மொழியும் தெரியாத கூட்டத்துக்கு முன் ஊதும்போது என்ன விளக்கம் சொல்வது?

இரண்டு வாக்கியம். அதற்கு மேல் சொன்னால் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். 'எ லூச்செவான்' ஊதுவதற்கு முன் நான் சொல்வது இதுதான்: "விடிந்ததும் சுட்டுக் கொல்லப்படப் போகிற ஒருவன், காதலிக்குக் கடிதம் எழுத உட்காருகிறான். நாலு வரிக்கு மேல் எழுத வரவில்லை." சொல்லிவிட்டு, சூடாக வைத்திருந்த ஏ கிளாரினெட்டை எடுத்துக்கொள்வேன்.